அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு 45 வயது, அம்மாவுக்கு 69. மூன்று வருடமாக, சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு, பினாங்கு ரெலாவில் இருக்கும் அம்மாவின் பிளாட் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசுகிறோம். அவர் வாழ்ந்தது, நான் வாழ்வது, இருவரும் நினைத்தது, நடந்தது, நடக்காதது எல்லாம் பேச்சில் வரும். இதைக் கேள்விப்பட்ட சொந்தக்காரர்களும் அலுவலகத் தோழிகளும் தங்கள் அம்மாவிடமோ அப்பாவிடமோ இப்படிப் பேச ஆசைப்படுகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதற்கெல்லாம் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இது எப்படித் தொடங்கியது?

துக்க வீட்டில். அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, 2022-இல் தவறிவிட்டார். 16-ஆம் நாள் காரியம் முடிந்து பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். பெரியம்மா மகன், என் அண்ணன், "அம்மா சின்ன வயசுல என்னவா ஆகணும்னு நெனச்சாங்கன்னு எனக்குத் தெரியாது பாப்பா. ஒரு தடவகூடக் கேட்டதில்ல" என்றார். அவருக்கு 52 வயது. அன்றைக்கு அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு பாலத்தைக் கடக்கும்போது எனக்கும் அதே நினைப்புத்தான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அவர் வைக்கும் ரசத்தில் எத்தனை மிளகு என்று தெரியும்.

அடுத்த சனிக்கிழமை போய், "ம்மா, உங்க கனவு என்னவா இருந்துச்சு?" என்று கேட்டேன். "என்ன பாப்பா, டிவியில பேட்டி எடுக்கிற மாதிரி கேக்கிற?" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் வாழைக்காய் சீவ ஆரம்பித்துவிட்டார்.

அப்படியானால் முதலில் எதைக் கேட்பது?

வேலையைக் கேளுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கனவு என்பது நம் பெற்றோர் தலைமுறைக்குத் தூக்கத்தில் வருவது. ஆசை என்றால் சேலை, நகை, அதுவும் கொஞ்சம் கூச்சத்தோடு. ஆக, "உங்கள் கனவு என்ன" என்று கேட்டால் அவர்கள் காதில் விழுவது வேறு ஏதோ. அதோடு, அந்தக் கேள்விக்குள் நாம் ஒரு பதிலையும் வைத்துவிடுகிறோம்: உங்களுக்கு ஏதோ கிடைக்காமல் போயிருக்க வேண்டும், எங்களுக்காக அதை விட்டிருக்க வேண்டும், சொல்லுங்கள், நான் அழுகிறேன். பெற்றவர்கள் இதை உடனே மோப்பம் பிடித்துவிடுவார்கள். பிள்ளை தன்னைப் பார்த்துப் பரிதாபப்படுவதை எந்தத் தாயும் விரும்பமாட்டாள்.

வேலையைப் பற்றிக் கேட்டால் நிலைமை தலைகீழ். அங்கே அவர்கள் தெரிந்தவர்கள், நாம் தெரியாதவர்கள். காலையில் எத்தனை மணிக்குப் பெரட்டு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது)? மரம் வெட்டும், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கும், கத்தியை எப்படித் தீட்டுவது? பஸ் எங்கே நிற்கும்? முதல் சம்பளம் எவ்வளவு, அதை யார் கையில் கொடுத்தீர்கள்? சாப்பாட்டு நேரம் எத்தனை நிமிடம்? யாரோடு உட்காருவீர்கள்? என் இரண்டாவது சனிக்கிழமை, "ம்மா, பக்டரியில உங்க மேசையில என்னென்ன இருக்கும்?" என்று மட்டும் கேட்டேன். ஏழரை மணி வரை பேசினார்.

உங்கள் அம்மா என்ன வேலை பார்த்தார்?

பாயான் லெப்பாஸில் 1972-இல் தடையற்ற வாணிப வட்டாரம் திறந்தார்கள். பினாங்கின் தீர்வையில்லாத் துறைமுகத் தகுதி 1969-இல் போய், ஊரில் வேலை இல்லாமல் இருந்த காலம் அது. எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் வரிசையாக வந்தன. கைக்கு நிதானமும் கண்ணுக்குக் கூர்மையும் உள்ள இளம்பெண்கள் அவர்களுக்கு வேண்டியிருந்தது. கெடா, பேராக் கிராமங்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். கூலிம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து 1975-இல், 19 வயதில், எல்.சி.இ. (மூன்றாம் படிவத் தேர்வு) சான்றிதழோடு அம்மா வந்து சேர்ந்தார். ஒரே அறையில் ஏழு பெண்கள். ஷிஃப்ட் மாறும்போது பாயும் மாறும். ஒருத்தி எழுந்துபோன சூட்டிலேயே அடுத்தவள் படுப்பாள்.

அவர் பார்த்தது பாண்டிங் வேலை. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, மிளகைவிடச் சின்னதான ஒரு சில்லிலிருந்து அதைச் சுற்றியுள்ள கால்களுக்குத் தங்கக் கம்பி இழுத்து ஒட்டுவது. அந்தக் கம்பி தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு கனம். 16 கால் உள்ள சில்லு என்றால் 16 கம்பி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை, ஆக 32 இடத்தில் ஒட்ட வேண்டும். சூடு சரியாக இருக்க வேண்டும். குறைந்தால் ஒட்டாது, கூடினால் கெட்டுவிடும். மூச்சை இழுத்து, பாதியை விட்டு, மீதியை நெஞ்சில் நிறுத்திக்கொண்டு ஒட்டணும் என்றார். சொல்லும்போதே அவர் வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மேசைமேல் சேர்ந்து, மெல்ல ஒரு வளைவு போட்டு, இறங்கின. இறங்கிய இடத்தில் கொஞ்சம் நின்றன. அந்த வளைவை என் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ரங்கோலி போடுவதற்கு முன் அப்படித்தான் காற்றில் கோடு இழுப்பார். அதற்குப் பெயர் பாண்டிங் என்று 42 வயதில்தான் எனக்குத் தெரிந்தது.

எண்பதுகளில் தானே ஒட்டும் இயந்திரங்கள் வந்துவிட்டன. அம்மாவைப் பரிசோதனைப் பிரிவுக்கு மாற்றினார்கள். 2011-இல், 55 வயதில், ஓய்வு பெற்றார். இன்றைக்கும் ஊசியில் நூல் கோர்க்க என்னைக் கூப்பிடமாட்டார். நான்தான் அவரைக் கூப்பிடுகிறேன்.

கடைசியில் அவருக்கு ஒரு கனவு இருந்ததா?

இருந்தது. டீச்சர், நர்ஸ் என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். நான்கு மாதம் கழித்து அவராகவே சொன்னார்: "எனக்கும் ஒரு நெனப்பு இருந்துச்சு பாப்பா. நான் ஒட்டினது எங்க போச்சுன்னு பாக்கணும்."

சில்லு பெட்டியில் அடைபட்டு விமானம் ஏறிவிடும். அது கணக்குப் பொறிக்குள் போகிறதா, வானொலிக்குள் போகிறதா, ஆஸ்பத்திரி மெஷினுக்குள் போகிறதா என்று அந்த வரிசையில் இருந்த யாருக்கும் தெரியாது. ஒரு தடவை சூப்பர்வைசரிடம் கேட்டிருக்கிறார். உனக்கு எதற்கு அது என்று பதில் வந்ததாம். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் முனை ஒட்டியிருப்பார்! ஒன்றையாவது அது வேலை செய்யும் இடத்தில் பார்த்ததில்லை.

வீட்டில் அப்பா வாங்கிய ரேடியோ கேசட் பெட்டி ஒன்று பரண்மேல் கிடந்தது. அடுத்த வாரம் அதை இறக்கி, பழைய தமிழ் நேசன் தாளை மேசையில் விரித்து, திருகுகளைக் கழற்றினேன். உள்ளே தூசி, செத்த பல்லி ஒன்று, பச்சைப் பலகை. அம்மா கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு குனிந்தார். "இந்தா இருக்கு. பதினாறு கால் பூச்சி" என்று ஒரு கறுப்புத் துண்டின்மேல் விரல் வைத்தார். அவர்கள் வரிசையில் அதற்கு அதுதான் பெயராம். ஈரத்துணியால் துடைத்தேன். மங்கிய வெள்ளை எழுத்தில், எண்களுக்குக் கீழே, மலேசியா என்று அச்சடித்திருந்தது.

அது அவர் கை ஒட்டியதா என்று சொல்ல வழியே இல்லை. அதே வேலையைப் பல்லாயிரம் பெண்கள் பார்த்தார்கள். கம்பி உள்ளே இருக்கிறது, மேலே கறுப்பு மூடி. உடைக்காமல் பார்க்க முடியாது. அம்மா உடைக்க வேண்டாம் என்றார். விரல் நுனியால் கால்களை ஒன்று, இரண்டு என்று எண்ணினார். "எட்டும் எட்டும் பதினாறு. சரியா இருக்கு" என்றார். பெட்டியைத் திரும்ப மூடி, பரண்மேல் ஏற்றாமல் டிவி பக்கத்தில் வைக்கச் சொன்னார். பாடாது. ஆனாலும் அங்கேதான் இருக்கிறது.

என் அப்பா பேசவே மாட்டார். என்ன செய்வது?

எதிரெதிரே உட்காராதீர்கள். நம் ஆண்களுக்கு முகத்துக்கு முகம் பார்த்துப் பேச வராது. பக்கத்தில் உட்கார்ந்தால் வரும். என் சித்தப்பா லோரி ஓட்டினவர். கேட்டதற்கு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். பட்டர்வொர்த் பெர்ரியில் அவரை அழைத்துப் போனேன். பழைய மஞ்சள், ஆரஞ்சு பெர்ரிகள் 2020-ஓடு ஏறக்குறைய எல்லாமே நின்றுவிட்டன. இப்போது ஓடுபவை 2023-இல் வந்த புதியவை. பழைய பெர்ரியில் லோரியை எப்படிப் பின்னால் எடுத்து நிறுத்துவது என்பதில் ஆரம்பித்தவர், கரை சேர்வதற்குள் 1985-இல் பாலம் திறந்த அன்று லோரியில் கடந்துபோன கதை, அதன்பின் தெற்கே ஜொகூர் வரை ஓட்டிய இரவுகள் என்று போய்விட்டார். திரும்பி வரும்போது அவர்தான் "இன்னொரு தடவ போலாமா?" என்றார்.

பழைய காயத்தைக் கிளறிவிட்டால்?

கிளறத்தான் செய்வீர்கள். நானும் செய்தேன்.

குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்களுக்கு 1969-இல் வேலை பெர்மிட் கட்டாயமானது. ஏறத்தாழ 60,000 தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திரும்பிப் போனார்கள். அதில் அம்மாவின் பெரியப்பா குடும்பமும் ஒன்று. அந்த வீட்டுப் பெண்ணும் அம்மாவும் ஒரே வயது, பள்ளியில் ஒரே பெஞ்சு. பினாங்கிலிருந்து ரஜூலா கப்பலில் போனார்கள். அம்மா துறைமுகத்துக்குப் போய் நின்றிருக்கிறார். அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நான் விடாமல், "அப்புறம் லெட்டர் வந்துச்சா? பேரு என்னம்மா?" என்று துருவினேன். அம்மா எழுந்து போனார். இரண்டு மாதம் தோட்டத்துப் பேச்சையே எடுக்கவில்லை.

பிறகு ஒருநாள் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது, யாரும் கேட்காமல், முதுகைக் காட்டியபடியே சொன்னார்: "அவ கை காட்டினது என்னப் பாத்துத்தானான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. கப்பல்ல எல்லாருமே கை காட்டினாங்க."

நான் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் போய் நின்று செதில் எடுத்தேன். அவர்கள் நிறுத்திய இடத்தில் நீங்களும் நிறுத்துங்கள். சொல்ல வேண்டியது இருந்தால் அவர்களாகவே வருவார்கள், நீங்கள் எதிர்பார்க்காத நேரத்தில்.

பெற்றோர் மேல் எனக்கே மனத்தாங்கல் இருக்கிறது. அதைச் சொல்லலாமா?

சொல்லலாம். ஆனால் முதல் மாதத்தில் வேண்டாம். அவர்கள் வேலையை, ஊரை, பயத்தை ஓரளவு தெரிந்துகொண்ட பிறகு சொல்லுங்கள். ஏனென்று என் கதையிலிருந்தே சொல்கிறேன்.

எனக்குக் கடல் படிக்க ஆசை. தெலுக் பஹாங்கைத் தாண்டி, முக்கா ஹெட் பக்கம், யுஎஸ்எம் எனும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு நிலையம் இருக்கிறது. பள்ளியிலிருந்து ஒருமுறை அழைத்துப் போனார்கள். அன்றே முடிவு செய்துவிட்டேன். எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) ரிசல்ட் 1998-இல் வந்தது. அம்மா ஒரே சொல்லில், "கணக்கியல் படி" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. அப்பா நான் படிவம் இரண்டில் இருக்கும்போதே தவறிவிட்டார், எதிர்த்துப் பேச ஆளும் இல்லை. படித்தேன். நல்ல வேலை, நல்ல சம்பளம், வீட்டுக்கடன் முடிந்துவிட்டது. 25 வருடம் அந்த ஒரு சொல்லை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் அம்மாவுக்குத் தீபாவளிச் சேலை எடுத்தேன்.

பேச ஆரம்பித்து ஒரு வருடத்துக்குமேல் ஆனபின் சொன்னேன். கத்தவில்லை, அழவும் இல்லை. "ம்மா, அன்னிக்கு நீங்க என்னைக் கேக்கவே இல்ல. எனக்கு அது இன்னும் வலிக்குது" என்றேன்.

அம்மா கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். பிறகு இரண்டு விஷயம் சொன்னார். முதலாவது எனக்குப் பாதி தெரியும். 1998 தொடக்கத்தில் வெள்ளி (ரிங்கிட்) மதிப்பு சரிந்து கிடந்தது. செப்டம்பரில்தான் அரசாங்கம் ஒரு டாலருக்கு 3.80 வெள்ளி என்று நிறுத்தியது. அந்த வருடம் அம்மாவுக்கு ஓ.டி. (கூடுதல் நேர வேலை) நின்றுபோனது. பக்கத்து வரிசையில் வி.எஸ்.எஸ். (தானாக விலகுபவர்களுக்கு இழப்பீடு) கொடுத்து ஆட்களை அனுப்பினார்கள். எங்கள் வரிசை எப்போது என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காத்திருப்பாராம்.

இரண்டாவது எனக்குத் தெரியவே தெரியாது. அம்மா சிறுமியாக இருந்தபோது அவர்கள் முதலில் இருந்த தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் பற்றிப் பாட்டன் பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதைத் தடுக்கத்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி போட்டுச் சேர்ந்தார்கள். சங்கம் முதலில் வாங்கியது கெடாவில் இருக்கும் புக்கிட் சீடிம் தோட்டம். எங்கள் தாத்தா வேலை பார்த்த தோட்டத்தைக் காப்பாற்றி வாங்க அப்படி யாரும் வரவில்லை. "எல்லாரும் மூட்ட கட்டினோம் பாப்பா. மரம் வெட்டினவங்க, ஆயாக்கொட்டகை ஆயா, ஸ்டோர்ல இருந்தவங்க, எல்லாரும். கிராணி மட்டும் கட்டல. புது மொதலாளிக்கும் கணக்கு எழுத ஆளு வேணுமாம். அந்த வீட்டு வாசல்ல அன்னிக்கும் கோலம் போட்டிருந்துச்சு. நீ ரிசல்ட்ட கொண்டாந்து நீட்டினப்ப எனக்கு அந்தக் கோலந்தான் கண்ணுல நின்னுச்சு."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. எனக்கும் அது தேவைப்படவில்லை. எனக்குக் கடல் இன்னும் வேண்டும், அந்த வலி போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் 25 வருடம் அதை அம்மாவின் பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். அது ஏழு எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி மூட்டைமேல் உட்கார்ந்து பார்த்தது.

ஒலிப்பதிவு செய்யலாமா?

கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஒளித்துவைத்துப் பதிவு செய்யாதீர்கள். என் அம்மா போனைப் பார்த்தால் செய்தி வாசிப்பவர்போல் பேச ஆரம்பித்துவிடுகிறார், அதனால் விட்டுவிட்டேன். இரவு வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதிவைக்கிறேன், அவர் சொன்ன சொல் மாறாமல்.

இதே பேச்சில் சேமநிதி, சொத்து எல்லாம் பேசிவிடலாமா?

வேண்டவே வேண்டாம். அது அவசியமான பேச்சு, ஆனால் அதற்கு வேறு நாள் வையுங்கள், பகலில், காகிதங்களோடு. சேமநிதியில் (இபிஎஃப்) வாரிசு நியமனம் செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு நியமனம் இருந்தால் பணம் அந்த வாரிசுக்கே நேராகப் போகும். இல்லையென்றால் குடும்பம் வேறு காகிதங்களுக்கு அலைய வேண்டும். உயில் இல்லாமல் போனால் சொத்து 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி பிரியும் என்பதையும் சொல்லுங்கள். பணப் பேச்சும் இந்தப் பேச்சும் ஒரே மேசையில் வந்தால், மகள் இத்தனை நாள் எதற்காக வந்து உட்கார்ந்தாள் என்று ஒரு சந்தேகம் வந்துவிடும். அதை அப்புறம் எடுப்பது கஷ்டம்.

என் பெற்றோர் இப்போது இல்லையே?

அவர்களோடு வேலை பார்த்தவர்கள் இருப்பார்கள். தேடிப் போங்கள். என் அண்ணன், பெரியம்மாவோடு மரம் வெட்டிய ஓர் அம்மாவை சுங்கைப் பட்டாணியில் கண்டுபிடித்தார். பெரியம்மா வெட்டுக்காட்டில் சத்தமாகப் பாடுவாராம். வீட்டில் ஒருநாளும் பாடியதில்லை. சொல்லும்போது அண்ணன் குரல் உடைந்துவிட்டது.

இந்த வயதில், இருவருக்கும் இனி என்ன கனவு?

போன வருடம் அம்மாவே கேட்டார்: "நீ படிக்கணும்னு சொன்ன கடலு எங்க இருக்கு?"

தெலுக் பஹாங்கில் பினாங்கு தேசியப் பூங்காவின் வாசலிலிருந்து படகு எடுத்தோம். பந்தாய் கெராச்சுட்டுக்குக் காட்டுவழியாக நடந்தும் போகலாம், அம்மாவின் முட்டி தாங்காது. படகில் அவர் என் முழங்கையைப் பிடித்த பிடி இரண்டு நாள் வலித்தது. அங்கே கடற்கரையை ஒட்டி ஓர் ஏரி உண்டு. மேலே நன்னீர், அடியில் கடலின் உப்புநீர், இரண்டும் கலக்காமல் நிற்கும். அதைக் காட்டத்தான் ஆவலாக அழைத்துப் போனேன். நாங்கள் போனது வறண்ட காலம், வெறும் சேறுதான்.

பக்கத்தில் ஆமைப் பாதுகாப்பு நிலையம். பச்சைக் கடலாமை அந்தக் கரையில் ஏறி முட்டையிடுகிறது. முட்டைகளை எடுத்து வேலி போட்ட மணலில் புதைத்து வைத்திருந்தார்கள், ஒவ்வொரு குழிக்கும் ஒரு குச்சி, தேதி. மணலின் சூட்டைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பது தீர்மானமாகிறது, சூடு கூடினால் பெண் என்று நான் அம்மாவிடம் சொன்னேன். 17 வயதில் படித்தது, மறக்கவில்லை.

அம்மா வேலிக்கு வெளியே குனிந்து அந்தக் குச்சிகளைப் பார்த்தார். பிறகு அங்கே வேலை பார்த்த பையனிடம் மலாயில் கேட்டார், எத்தனை டிகிரி என்று. 29 பக்கம் இருந்தால் இரண்டும் கலந்து வரும் என்றான் அவன். எதில் அளக்கிறீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை தடவை, ராத்திரியில் யார் பார்ப்பது, மழை பெய்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனார். அவன் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பதில் சொன்னான். படகுக்காரர் கூப்பிட்டது அம்மாவின் காதில் விழவே இல்லை.